கண்ணோரச் சுருக்கம்

“ஒரு வார்த்தை கேட்கறதுக்கு என்னங்க?” என்றாள் மனைவி.

“கேட்கலாம். போன அன்னிக்கே கேட்டா நல்லா இருக்காது.”

“சரி, போன அன்னிக்குக் கேட்காதீங்க. மறுநாள் கேளுங்க.”

“பக்கத்து வீட்டுல உப்பு கேட்கற மாதிரி பேசறே.”

“உப்பு இல்லன்னா ஒரு வேளை சமாளிச்சுக்கலாம். நான் கேட்கறது என் தங்கச்சியை.”

“கேட்கறேன்மா. நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?”

படக்காரர் அரசு வேலையில் சேரப் புறப்பட்ட காலையில் நடந்த பேச்சு இது. அவள் அவருடைய சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ காலைகள் வந்தன. அவள் மறுபடி கேட்கவில்லை. காலரை மட்டும் மடித்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் மடித்துவிடப்பட்ட காலர் சாயங்காலம் வரை கழுத்தில் உறுத்தும் என்பது அவருக்கு அந்த வேலையில் கிடைத்த முதல் அனுபவம்.

மனைவியின் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். கடல் கடந்த ஒரு நாட்டில், ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவாள் என்று அனுப்பிவைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தது; அவள் வரவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி மேனேஜரின் இடுப்பில் இருந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்பவர்களிடம், “உன் இடத்துக்கு ஒரு ஆள் வரட்டும், போகலாம்” என்பாராம். ஆள் வந்தால், வந்த ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்க இவள் இருக்க வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையின் கையுறைகள் வந்து இறங்கும் துறைமுகத்தில்தான் படக்காரருக்கு வேலை கிடைத்திருந்தது. அதுவும் எந்தப் பிரிவில்? கட்டாய உழைப்பால் செய்யப்பட்ட பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கும் பிரிவில். தங்கை வீடு வந்து சேர்ந்த மாதிரிதான் என்று மனைவி நினைத்ததில் தவறே இல்லை.

பிரிவின் பெயர் நீளமானது. பெயர்ப்பலகை முகப்புச் சுவரில் அடங்காமல், மூலையில் மடங்கிப் பக்கச் சுவருக்குப் போயிருந்தது. வாசலில் நின்று பார்ப்பவர்களுக்குக் ‘கட்டாய உழைப்பு’ என்பது வரைதான் தெரியும். ‘தடுப்பு’ என்பதையும் படிக்க விரும்புகிறவர்கள் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும்.

ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் இருந்தது. தொழிலாளிகள் மனம் ஒப்பித்தான் வேலை செய்கிறார்கள் என்பதை இறக்குமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது விதி. முதலில் தொழிலாளிகளிடமிருந்து கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். ஆயிரம் பேர் ஒரே கையெழுத்தில் மகிழ்ச்சியாக இருந்தார்கள். பிறகு, வேலை செய்யும்போது எடுத்த படங்களை அனுப்பச் சொன்னார்கள். படங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எது தானாக வந்த சிரிப்பு, எது வரவழைத்த சிரிப்பு என்று அதிகாரிகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களும் அலுவலகத்தில் நாள் முழுக்கச் சிரிக்கிறவர்கள்தானே.

பிரிவின் இயக்குநருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. “நம்ம நாட்டிலேயே கட்டாயச் சிரிப்பை அதிகமாகப் பார்த்தவன் யார்? கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவன்” என்றார். அப்படிப் பிறந்ததுதான் புன்னகை மதிப்பீட்டாளர் என்ற தற்காலிகப் பணியிடம். எல்லோர் கையிலும் கேமரா வந்துவிட்ட பிறகு ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த படக்காரர் விண்ணப்பம் போட்டார்.

நேர்முகத் தேர்வில் அவர் முன்னால் மூன்று படங்களை வைத்தார்கள். முதல் இரண்டும் தொழிற்சாலைப் படங்கள். மூன்றாவது ஒரு குடும்பப் படம்.

“இதில் கட்டாயச் சிரிப்பு எது?”

படக்காரர் யோசிக்கவே இல்லை. “மூணாவதுங்க. நடுவுல உட்கார்ந்திருக்கிற அம்மா உதட்டாலதான் சிரிக்கிறாங்க. கண்ணைப் பாருங்க, எப்படா எழுந்து போகலாம்னு இருக்கு.”

இயக்குநர் அந்தப் படத்தை எடுத்துத் தன் மேசை மீது, பழைய இடத்திலேயே, தன்னைப் பார்த்தபடி வைத்துக்கொண்டார். பிறகு, “தகுதியான ஆள்” என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் அம்மா ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொன்னார். எந்த வெளிநாட்டுத் தொழிற்சாலையிலும் தனக்கு உறவினரோ தெரிந்தவரோ இல்லை என்று அதில் இருந்தது.

“இருந்தா என்ன மேடம் ஆகும்?”

“இருந்தா அவங்க மேல உங்களுக்கு அக்கறை வந்துடும். அக்கறை வந்தா நடுநிலை போயிடும். போடுங்க, இந்த இடத்துல.”

படக்காரர் போட்டார். மூன்று வேளைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு போட்டார். சின்னவளுடைய முகம் நினைவுக்கு வந்தபோது மை காய்ந்துவிட்டிருந்தது.

கண்காணிப்பாளர் அம்மா நல்ல மனுஷி. சுற்றிக்காட்ட அழைத்துப் போனார். அலுவலகத்தின் பின்னால் ஒரு பெரிய கிடங்கு. தடுத்து நிறுத்தப்பட்ட பெட்டிகள் அங்கே இருந்தன. மேலே மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. பெட்டிகளை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும், மேலே உட்காரக் கூடாது, வெயில் படக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

“பாவம், எவ்வளவு கஷ்டத்துல பிறந்ததோ” என்று கண்காணிப்பாளர் அம்மா ஒரு பெட்டியைத் தடவிக் கொடுத்தார். “நாங்க அடுக்கறதுகூட ரொம்ப உயரமா அடுக்க மாட்டோம். அடியில இருக்கறது நசுங்கும் பாருங்க.”

“இதையெல்லாம் என்ன மேடம் செய்வீங்க?”

“குத்தம் இல்லன்னா உள்ள விட்டுடுவோம். இருந்தா, இறக்குமதி பண்ணினவங்க ஒரு மனு போட்டாப் போதும், வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிடுவோம். யாரையும் இங்க பிடிச்சு வைக்கறது கிடையாது.”

யாரையும் என்று அவர் சொன்னது பெட்டிகளை.

படக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்தது. “மேடம், அங்க வேலை செய்யறவங்க திரும்பிப் போகணும்னா...?”

“எங்க திரும்பி?”

“அவங்க ஊருக்கு.”

“அவங்க பொருளா?”

“இல்ல மேடம். ஆளுங்க.”

“இது இறக்குமதிப் பிரிவுங்க” என்றார் அவர், பொறுமையாக. “நம்ம கைக்கு வந்து சேர்றதுக்குத்தான் நாம பொறுப்பு. ஆளு வர்றதில்லையே.”

அன்று மாலை வீட்டில் மின்விசிறி, பெட்டி, மனு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். மனைவி ஆல்பத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசையைத் துடைத்துவிட்டு, “பெட்டி மனு போட்டா ஊருக்குப் போயிடுமா?” என்று மட்டும் கேட்டாள். அவர் கை கழுவப் போனார். ஏற்கெனவே கழுவிய கைதான்.

வேலை அவருக்குக் கைவந்த வேலையாகத்தான் இருந்தது. மூட்டையிலிருந்து படத்தை எடுப்பார், பார்ப்பார், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைப்பார். இயக்குநர் பின்னால் வந்து நிற்பார். “எப்படிய்யா கண்டுபிடிக்கிறே?”

ஒருநாள் படக்காரர் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. “உதட்டை யார் வேணா விரிக்கலாம் சார். உண்மையாச் சிரிச்சா கண்ணோரம் சுருங்கும். கன்னம் மேல ஏறும். அதைக் காசு கொடுத்தாலும் வரவழைக்க முடியாது.”

ஸ்டுடியோவில் இத்தனை வருஷம் அவர் சொன்ன எதையும் யாரும் எழுதிவைத்துக்கொண்டதில்லை. இயக்குநர் எழுதிவைத்துக்கொண்டார். சுருக்கத்தின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று நிபுணர் குழு கூடிப் பேசியது. முடிவில் அது கண்ணோரச் சுருக்கத் தரம் என்ற பெயரில் அரசு ஆணையாக வெளிவந்து, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பப்பட்டது. அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் சிரிக்கும்போது கண் திறந்தே இருக்க வேண்டும் என்று ஒரு வரியைக் குழுவே சேர்த்துக்கொண்டது.

ஆணையில் படக்காரரின் பெயர் இல்லை. ‘துறை வல்லுநரின் கருத்துப்படி’ என்று இருந்தது. அவர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் காட்டினார். “துறை வல்லுநர்னா யாரு தெரியுமா?” என்றார். வரும் வழியில் இனிப்பும் வாங்கி வந்திருந்தார். அவளும் சந்தோஷப்பட்டாள். “இவ்வளவு மதிக்கிறாங்களே, இப்ப கேட்கலாமே” என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இனிப்பை எடுத்துக்கொண்டாள்.

இயக்குநருக்கு அந்த வாரம் பல்வலி என்பது உண்மைதான். அடுத்த வாரம் அவர் சிடுசிடுவென்று இருந்தார் என்பதும் உண்மைதான். அதற்கடுத்த வாரம் அவர் மிகவும் உற்சாகமாக இருந்தார். அந்த உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம் என்று படக்காரர் நினைத்தார்.

அடுத்த தவணையில் வந்த மூட்டைகளைப் பிரித்தபோது படக்காரர் திகைத்துப்போனார். எல்லாக் கண்ணோரமும் சுருங்கியிருந்தது. எல்லாக் கன்னமும் ஏறியிருந்தது. நாடு விட்டு நாடு, கையுறைக்காரர்கள், சட்டை தைப்பவர்கள், பொம்மை செய்பவர்கள், எல்லோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். ஒரு படத்தைக்கூட அந்தப் பக்கம் வைக்க வழியில்லை. கிடங்கு காலியாகத் தொடங்கியது. சும்மா சுழலும் மின்விசிறிகளை என்ன செய்வது என்று கண்காணிப்பாளர் அம்மா கேட்டு எழுதினார்.

எப்படி நடந்தது என்பது ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தெரிந்தது. அவரும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. எப்போதாவது அவளிடம் போனைக் கொடுக்கும்போது அவசர அவசரமாகப் பேசி அனுப்புவாள். மனைவி போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

“அக்கா, நல்லா இருக்கேன். அத்தானைக் கேட்டேன்னு சொல்லு. இங்க ஒரு கூத்து கேளேன். இப்பல்லாம் வேலை முடிஞ்சதும் எங்களுக்குச் சிரிப்பு கிளாஸ் நடக்குது! நெசமாத்தான்க்கா. ஒரு வாத்தியார் வர்றாரு, கையில ஸ்கேல் வெச்சுக்கிட்டு. அளக்கறதும் அதாலதான், அடிக்கறதும் அதாலதான். கண்ணு ஓரமா சுருங்கணுமாம், ஆனா மூடக் கூடாதாம். எனக்குத்தான் சிரிச்சா கண்ணு மூடிக்குமே, அதனால நான் தினமும் பெயிலு. பாஸாகற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கணும். பக்கத்துல ஒருத்தி, கால் வீங்கிப்போயி அழுதுக்கிட்டே சிரிக்கிறா, அவளைப் பார்த்து எனக்கு நெசமாவே சிரிப்பு வந்துடுச்சு, அதுக்கும் பெயிலு. எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடிச்சானோ, அவன் மட்டும் என் கையில கெடைச்சான்...”

பதிவு அங்கே முடிந்துவிட்டது. போனைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் அவருடைய தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு தட்டுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

சின்னவள் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததா? அவருடைய கல்யாணப் படங்களில் பாதி அவளால்தான் பாழாயின. எந்தப் படத்தில் பார்த்தாலும் மாப்பிள்ளைக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அதற்காக அவளைத் திட்டியும் இருக்கிறார்.

அவளுடைய படம் அடுத்த மூட்டையில் வந்தது. வரிசை வரிசையாகக் கையுறை தொங்கும் சங்கிலிக்கு முன்னால், தலையில் வலைத்தொப்பியோடு நின்றாள். கண்ணோரம் சுருங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. பாஸாகிவிட்டாள்.

படக்காரர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது பொய்ச் சிரிப்பு என்று அந்தப் பக்கம் வைத்தால், மேனேஜர் அவளை மறுபடி நிற்கவைப்பார். சரி என்று இந்தப் பக்கம் வைத்தால், மேனேஜர் யோக்கியர் ஆகிவிடுவார். ஏதாவது ஒரு பக்கம் வைத்துத்தான் ஆக வேண்டும். இந்தப் பக்கம் வைத்தார். முழு மதிப்பெண்ணும் போட்டார். அவரால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அதுதான்.

அன்று துணிந்து இயக்குநரின் அறைக்குப் போனார்.

“சார், நம்ம தரத்தை அவங்க கத்துக்கிட்டாங்க.”

“ரொம்ப சந்தோஷம்.”

“இல்ல சார். அடிச்சுக் கத்துக் கொடுக்கறாங்க. வேலை முடிஞ்ச பிறகு நிக்கவெச்சுச் சிரிக்கச் சொல்றாங்க.”

“அடிச்சுன்னா? காயம் படத்துல தெரியுதா?”

“தெரியல சார்.”

“பாருங்க” என்று இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். “முன்னாடி அந்தத் தொழிலாளிங்க சிரிப்பே இல்லாம இருந்தாங்க. இப்ப உலகம் முழுக்கச் சிரிக்கிறாங்க. ஒரு ஆணையால இது நடந்திருக்கு. நீங்க என்னன்னா, ஏன் சிரிக்கிறாங்கன்னு கேட்கறீங்க. ஏன்கறது நம்ம அதிகாரத்துக்கு வெளியில.”

“சிரிப்பே கட்டாயம்னா, சார்...”

“கட்டாயச் சிரிப்பு இறக்குமதி ஆகுதா? கையுறைதானே ஆகுது? கையுறை சிரிக்கலையே.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அது கிடக்கட்டும். உங்க தற்காலிகப் பணி நீட்டிப்பு என் மேசையிலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை கேமராவைத் தூக்கிட்டு வீட்டுக்கு வாங்க. குடும்பப் படம் ஒண்ணு புதுசா எடுக்கணும். பழசு சரியில்லன்னு சொன்னீங்களே.”

அவர் போனார். நல்ல வீடு, நல்ல வெளிச்சம். இயக்குநரும் அவரும் வெகுநேரம் தனியாக இருந்தார்கள். நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள், திரைச்சீலையை விலக்கினார்கள். கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. படக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கொஞ்சம் வலது பக்கம் தள்ளி உட்காருங்க சார்” என்றார்.

இயக்குநரின் மனைவி வந்து உட்கார்ந்தார். அதே கண்கள். கேமராவுக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்த அம்மா யாரோ ஒரு மேனேஜரிடம் ஊருக்குப் போக அனுமதி கேட்டுக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

படத்தைப் பார்த்துவிட்டு இயக்குநர் கேட்டார்: “இப்ப எப்படி? இயல்பா இருக்கா?”

அந்த அம்மாவும் படக்காரரைப் பார்த்தார். உண்மையைச் சொல்லேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

“ரொம்ப இயல்பான சிரிப்புங்க சார்” என்றார் துறை வல்லுநர்.

மறுநாளே பணி நீட்டிப்பு கைக்கு வந்தது. அவர் அதை மனைவியிடம் காட்டவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் அவள் காலரை மடித்துவிட வரவில்லை. அடுப்பில் வேலையாக இருக்கிறேன் என்று குரல் மட்டும் கொடுத்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை. அவரே மடித்துக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் ஒருவர், “சார், காலர் ஒரு பக்கம் தூக்கிட்டு இருக்கு” என்றார்.

பிரிவு தொடங்கியதன் ஆண்டு விழா வந்தது. உலகிலேயே முதல் முறையாக, ஒரு தொழிற்சாலையின் புன்னகையைத் திரையில் நேரடியாகச் சோதித்து, முதல் தர விருது கொடுக்கப்போவதாக இயக்குநர் அறிவித்தார். அதிக மதிப்பெண் பெற்ற தொழிற்சாலை எது என்று பார்த்தார்கள். சின்னவளுடைய தொழிற்சாலை. அங்கிருந்து பேச ஒரு தொழிலாளியை நிறுத்தச் சொன்னார்கள். முழு மதிப்பெண் வாங்கியவள், அதோடு இந்த நாட்டு மொழியும் தெரிந்தவள் என்று சின்னவளையே நிறுத்துவதாகப் பதில் வந்தது.

படக்காரர் இதை மனைவியிடம் சொன்னபோது அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நானும் வரலாமா?”

“வரலாம். நாற்காலி நிறையணும்னு எல்லாரோட வீட்டுக்காரங்களையும் வரச் சொல்லியிருக்காங்க.”

“நான் வாயைத் திறக்க மாட்டேன். பயப்படாதீங்க.”

“நான் ஏன் பயப்படறேன்?”

அவள் எந்தப் புடவை கட்டுவது என்று பார்க்கப் போனாள்.

விழா அன்று அவள் யாரிடமும் பேசாமல் அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மேடையில் ஒரு பெரிய திரை. முதல் வரிசையில் கையுறை இறக்குமதி செய்பவர்கள். இயக்குநர் எழுந்து பேசினார்.

“ஒரு காலம் இருந்தது. நம் மக்கள் ஒரு கையுறையை மாட்டும்போது, இதை யார் எந்த நிலையில் செய்தார்களோ என்று மனம் கலங்கினார்கள். இந்தப் பிரிவு வந்த பிறகு யாரும் கலங்க வேண்டியதில்லை. மக்கள் சார்பாகக் கலங்குவதற்கு நாங்கள் இருக்கிறோம், அலுவலக நேரத்தில். தொழிலாளிகளின் துன்பத்தை நம்மால் நிறுத்த முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது அவர்கள் நாட்டு விவகாரம். ஆனால் அந்தத் துன்பம் நம் நாட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள முடியும். இதுவரை ஒரு துளிகூட நுழைந்ததில்லை என்று பெருமையோடு சொல்கிறேன்.”

கைதட்டல் அடங்கியதும் திரை உயிர்பெற்றது. மேனேஜர் வணங்கினார். இடுப்பில் சாவிக்கொத்து தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் சின்னவள், வலைத்தொப்பியோடு. இளைத்திருந்தாள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

கண்காணிப்பாளர் அம்மா அங்கீகரிக்கப்பட்ட கேள்விகளைக் கேட்டார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

“நீங்கள் விரும்பி வேலை செய்கிறீர்களா?”

“ஆம்.”

“உங்களுக்கு மின்விசிறி இருக்கிறதா?”

“ஆம்.”

“யாராவது உங்களைச் சிரிக்கும்படி வற்புறுத்தினார்களா?”

சின்னவள் ஒரு கணம் மேனேஜரைப் பார்த்தாள். “இல்லை.”

ஊருக்குத் திரும்ப விரும்புகிறீர்களா என்று முதலில் ஒரு கேள்வி இருந்தது. அது ஏக்கத்தைத் தூண்டும், ஏக்கம் வந்தால் கண்ணோரம் கெடும் என்று இயக்குநர் அதை நீக்கிவிட்டிருந்தார்.

“இப்போது நம் துறை வல்லுநர் வருகிறார்” என்றார் இயக்குநர். “எத்தனையோ மணப்பெண்களைச் சிரிக்கவைத்தவர். ஒரே ஒரு வார்த்தை சொல்லி இந்தப் பெண்ணை இயல்பாகச் சிரிக்கவைப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் விருது.”

படக்காரர் மைக்கை வாங்கிக்கொண்டு, மேடையில் இருந்த சின்னக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். திரையில் சின்னவளுடைய முகம் அவரைவிடப் பெரிதாக இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். பார்த்ததும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று ஓடிவந்து, வாசலில் நின்றுவிட்ட மாதிரி நின்றது. அவள் பார்வை அவருடைய சட்டைப்பையில் குத்தியிருந்த அரசு அடையாள அட்டைக்குப் போனது. பிறகு மெதுவாக மேலே வந்தது.

“வணக்கம் சார்” என்றாள்.

கல்யாணத்தன்றிலிருந்து அத்தான் என்று கூப்பிட்ட வாய். ஒரு நாளும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டால் அவர் வேலைக்கு ஆபத்து என்று, அந்தச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவளாகவே அவருக்காக யோசித்திருக்கிறாள். அட்டையைப் பார்த்த அந்த ஒரு கணத்திலேயே சிரிப்பு கிளாஸின் புண்ணியவான் யாரென்றும் அவளுக்குப் புரிந்திருக்குமோ என்று அவர் நினைத்தார். உடம்பெல்லாம் கூசியது. முன்பும் கூசியிருக்கிறது; அப்போதெல்லாம் கை கழுவவோ, நாற்காலியை நகர்த்தவோ ஏதாவது இருந்தது. இங்கே கையில் மைக் மட்டும்தான் இருந்தது.

“ம், சொல்லுங்க” என்று இயக்குநர் பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னார். “சிரிக்கவைங்க.”

சின்னவள் உதவி செய்கிற மாதிரி, தானாகவே கண்ணோரத்தைச் சுருக்கத் தொடங்கினாள்.

“வேணாம்மா” என்றார் படக்காரர். “சிரிக்காதே.”

அரங்கில் ஒரு சலசலப்பு. அவர் கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பி இயக்குநரைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க” என்று இயக்குநர் பல்லைக் கடித்தார். “கேமராவைப் பாருங்க.”

“உங்களைத்தான் சார் பார்க்கணும். உங்ககிட்டதான் கேட்கணும்.” மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “இது என் வீட்டுக்காரியோட தங்கச்சி. அந்த உறுதிமொழியில நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். வேலையை எடுத்துக்குங்க. அவ ஒப்பந்தம் எப்பவோ முடிஞ்சுபோச்சு சார், ஊருக்கு வரணும்னு தவிக்கிறா, விட மாட்டேங்கறாங்க. பக்கத்துல நிக்கிறாரே, அவர்கிட்டச் சொல்லுங்க. அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை இவ கையில கொடுத்து, இவளை எங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க சார்.”